லேடி டாக்டரைப் பார்க்கப் போகும் முன்

"கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்திக்கிட்ட?"

"மாரியாத்தா நோம்பிக்கு ரெண்டு நாள் முன்னாடிங்க."

"அதுக்கு முந்தின மாசம்?"

"ஞாபகம் இல்லீங்களே."

பல்லடம் – தாராபுரம் சாலையில் உள்ள குண்டடத்தையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்ந்த பெண்கள் மகளிர் மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தால், பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. கேள்வி எளிமையானது. ஆனால் மருத்துவர் அடுத்து எடுக்கப்போகும் முடிவுகளில் பாதி அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

இந்தப் பக்கத்துப் பெண்களின் நாள், விடியலில் வந்து நிற்கும் மில் வேனோடு தொடங்குகிறது. நூல் மில்லில் ஷிப்ட், பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், வீட்டில் மாடு, தோட்டத்தில் வெங்காயம் என்று ஓடுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் ஒரு நாள் கூலியை இழப்பது. அதனால் மாதவிலக்கு வலியும் அதிக ரத்தப்போக்கும் வெள்ளைபடுதலும் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போகின்றன. லேடி டாக்டரிடம் போவது பிள்ளை உண்டானால்தான் என்ற எண்ணம் ஒரு பக்கம். கல்யாணமாகாத பெண் அங்கே போய் நின்றால் ஊர் என்ன பேசும் என்ற பயம் இன்னொரு பக்கம். உள்ளே என்ன செய்வார்களோ என்ற அச்சம் இவை இரண்டையும் விடப் பெரியது.

இந்த அச்சத்துக்குத் தெளிவான பதில் உண்டு. முதல் சந்திப்பில் பெரும்பகுதி பேச்சுதான். நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவலில் பெரும்பங்கு ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ இல்லை. அந்தப் பெண்ணின் நினைவில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி ஓபியில் கூட்டத்துக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில் அதை ஒழுங்காக எடுத்துச் சொல்ல முடிந்தால், பாதி வைத்தியம் அங்கேயே தொடங்கிவிடும். முதல் சந்திப்புக்கு நாம் செய்ய வேண்டிய தயாரிப்பு அந்தத் தகவலைத் திரட்டி வைப்பதுதான்.

தேதி ஏன் முக்கியம்?

மாதவிலக்குச் சுழற்சியை, ரத்தம் கண்ட முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் பலர் தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளைச் சொல்கிறார்கள். அது ஒரு வீட்டில் மூன்றாம் நாள், இன்னொரு வீட்டில் ஐந்தாம் நாள். கரு உண்டாகியிருந்தால் இந்த வித்தியாசம் கணக்கை மாற்றிவிடும். பிரசவத் தேதியை, கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாள் கூட்டித்தான் கணிக்கிறார்கள். தொடக்க நாள் தவறினால் குழந்தையின் வயதும் தவறும்.

சுழற்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இதன் அருமை புரியும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனை அனுப்பி, சினைப்பையில் ஒரு கருமுட்டையை வளரச் செய்கிறது. வளரும் முட்டையைச் சுற்றியுள்ள செல்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டதும் பிட்யூட்டரியிலிருந்து எல்எச் ஹார்மோன் திடீரென்று பெருகி, முட்டை வெளியே வருகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் மிஞ்சிய திசு சுமார் 14 நாட்களுக்குப் புரோஜெஸ்டிரான் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் அந்தத் திசு சுருங்கிவிடும், புரோஜெஸ்டிரான் இறங்கும், தடித்த உட்சுவர் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும்.

இந்தக் கதையின் பின்பாதி ஏறத்தாழ மாறாதது. முன்பாதிதான் நீளும், குறையும். தைராய்டு கோளாறு, திடீர் எடை மாற்றம், மனஅழுத்தம் என எது முட்டை வெளியேறுவதைத் தாமதப்படுத்தினாலும் மாதவிலக்கும் தள்ளிப்போகும். இரவு ஷிப்ட் வேலைக்கும் ஒழுங்கற்ற மாதவிலக்குக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே "நாள் தள்ளிப் போகுது" என்று மட்டும் சொன்னால் போதாது. மூன்று நான்கு மாதத் தேதிகளை வரிசையாகச் சொன்னால், எவ்வளவு தள்ளுகிறது, எப்போதிலிருந்து தள்ளுகிறது என்று மருத்துவர் உடனே பார்த்துவிடுவார். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாட்களுக்குள் எந்த இடைவெளியும் இயல்பே. சரியாக 28 நாள் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எவ்வளவு போனால் அதிகம்?

ஒரு மாதவிலக்கில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகிறது. 80 மில்லியைத் தாண்டினால் அதிகப் போக்கு. இதை யாரும் அளந்து பார்க்க முடியாது என்பதால் அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைகிறதா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? இரண்டரை சென்டிமீட்டரை விடப் பெரிய கட்டிகளாகப் போகிறதா? ஏழெட்டு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான், எனக்கும் இப்படித்தான்" என்று பழகிப்போனவர்கள் நிறையப் பேர். ஆனால் மாதாமாதம் போகும் ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்று பொருள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கண் இருட்டுவது, காரணமில்லாத களைப்பு ஆகியவற்றை "வேலை ஜாஸ்தி" என்று ஒதுக்கிவிடாமல், மாதவிலக்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வலியும் பெயரில்லா மாத்திரையும்

கர்ப்பப்பையின் உட்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வெளியாகிறது. அதன் தூண்டுதலால் கர்ப்பப்பைத் தசை, ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல இறுகுகிறது. இறுகும்போது ரத்தக் குழாய்கள் நசுங்கி, தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. அடிவயிற்று வலி அதனால்தான். புரோஸ்டாகிளாண்டின் குடலையும் தூண்டும் என்பதால் சிலருக்கு அந்த நாட்களில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருகின்றன. மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இந்த வேதிப்பொருள் உருவாவதையே தடுக்கின்றன. ஆகவே வலி முற்றிய பிறகு போடுவதை விட, தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் பலன் அதிகம். வெறும் வயிற்றில் அடிக்கடி போட்டால் இரைப்பையில் புண் வரலாம். சிறுநீரகக் கோளாறோ ஆஸ்துமாவோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

இந்த மாத்திரைகளுக்கும் நம் பனியன் கம்பெனிகளுக்கும் ஒரு கசப்பான தொடர்பு உண்டு. 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலைபார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னால், வேலை நிற்காமலிருக்க, பெயரும் காலாவதித் தேதியும் தெரியாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே கொடுக்கப்பட்டதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். என்ன மாத்திரை என்று தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் விழுங்கியவர்கள் அவர்கள். இது அந்தப் பெண்களின் தவறல்ல. வலியோடு வரும் தொழிலாளிக்கு ஓய்வும் மருத்துவரும் கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு.

ஆகவே டாக்டரிடம் போகும்போது, வலிக்காக இதுவரை போட்ட மாத்திரையின் அட்டையைக் கொண்டுபோங்கள். அட்டை இல்லையென்றால் எங்கே, யார் கொடுத்தது, மாதத்துக்கு எத்தனை என்பதையாவது சொல்லுங்கள். மாத்திரைக்கும் அடங்காத வலி, மாதவிலக்குக்கு முன்னரே தொடங்கும் வலி, மலம் கழிக்கும்போதோ தாம்பத்தியத்தின்போதோ வரும் வலி ஆகியவை எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் அறிகுறியாக இருக்கலாம். கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதுதான் இந்த நோய். உலகில் கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆவதற்கு முக்கியக் காரணம், "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று வீடும் சில நேரம் மருத்துவமனையும் சொல்லி அனுப்புவதே.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரு நோட்டுத் தாள் போதும். கீழே உள்ளவற்றை முதல் நாள் இரவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

• கடைசி மூன்று மாதங்களில் மாதவிலக்கு தொடங்கிய தேதிகள். ஒவ்வொன்றும் எத்தனை நாள் நீடித்தது என்பது. முதன்முதலில் எந்த வயதில் பூப்படைந்தீர்கள் என்பதும் வேண்டும்.

• ரத்தப்போக்கு, வலி, வெள்ளைபடுதல் ஆகியவற்றில் எது உங்களை இங்கே கூட்டிவந்தது, எப்போதிலிருந்து என்பது.

• இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும். நாட்டு மருந்தும் இதில் அடக்கம். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதேனும் இருந்தால் அதன் பெயர்.

• முன்பு நடந்த அறுவை சிகிச்சை, பிரசவம், கருச்சிதைவு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இப்போது பயன்படுத்தும் முறை.

• அம்மா, பாட்டி, அத்தை, சித்தி, அக்கா, தங்கை ஆகியோரில் யாருக்காவது தைராய்டு, சர்க்கரை, மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்பது.

• பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆதார், இ.எஸ்.ஐ. அட்டை.

• நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். மருத்துவர் முன்னால் போனதும் மறந்துபோவது எல்லோருக்கும் நடக்கும். எழுதி வைத்தால் கேட்டுவிடலாம்.

செய்யக்கூடாத தயாரிப்பு ஒன்றும் இருக்கிறது. டாக்டர் பார்ப்பாரே என்று பிறப்புறுப்பின் உட்பகுதியை சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவிக்கொண்டு போகாதீர்கள். அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து, பிஎச் அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. அந்த அமிலத்தன்மைதான் நோய்க்கிருமிகளுக்கு எதிரான காவல். சோப்பு அதைக் குலைக்கும். மருத்துவருக்குத் தேவையான தடயமும் கழுவப்பட்டுவிடும். வழக்கமான குளியல் போதும். முடியை மழிக்க வேண்டியதும் இல்லை.

வெள்ளைபட்டால் எலும்பு உருகுகிறது என்று கிராமத்தில் இன்றும் பயப்படுகிறார்கள். அது உண்மையல்ல. நிறமற்றோ வெண்மையாகவோ, வாடையோ அரிப்போ இல்லாமல் வருவது இயல்பான கசிவு; சுழற்சியின் நடுவே அது கூடும். தயிர்த் திப்பியாக அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு வந்தாலோ, பச்சையாக நுரைத்து வந்தாலோ வேறு கிருமிகள் காரணமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நிறத்தையும் வாடையையும் கூச்சப்படாமல் சொல்வது சரியான மருந்துக்கு வழி.

உள்ளே என்ன நடக்கும்?

எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு கேள்விகள். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டால், கரு உண்டாகியிருக்க வாய்ப்பு உண்டா, தாம்பத்திய உறவு உண்டா என்பதையே பெரும்பாலும் மருத்துவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார். உண்மையைச் சொல்வது உங்கள் பாதுகாப்புக்கு. எந்த மாத்திரை தரலாம், எந்தப் பரிசோதனை செய்யலாம் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் தொழில் கடமை. 18 வயதுக்கு உட்பட்டவர் விஷயத்தில் மட்டும், பாலியல் உறவு தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுக்கும் கட்டாயம் மருத்துவருக்கு உண்டு. இதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

துணைக்கு வந்த அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாதது இருந்தால், "டாக்டர், ரெண்டு நிமிஷம் தனியா பேசணுங்க" என்று கேளுங்கள். கூட வந்தவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும்.

அடுத்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். கல்யாணமாகாத, உறவு கொள்ளாத பெண்ணுக்குப் பொதுவாக இதோடு சரி. உள்பரிசோதனை செய்வதில்லை. தேவைப்பட்டால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்கேன் என்பது எக்ஸ்ரே அல்ல. காதுக்குக் கேட்காத ஒலி அலை. காற்று நிறைந்த குடல் அந்த அலையைச் சிதறடிக்கும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளி, ஒலி தடையின்றிக் கர்ப்பப்பையை எட்ட வழி விடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு முன் நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் காத்திருக்கும் நேரம் மிச்சம். இதில் கதிர்வீச்சு இல்லை. கர்ப்பப்பைக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

உள்பரிசோதனை தேவைப்படும் பெண்களுக்கு ஸ்பெகுலம் என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள். இரண்டு தகடுகள் கொண்ட சிறிய கருவி அது. உள்ளே வைத்து மெதுவாக விரித்தால் கர்ப்பப்பை வாய் கண்ணுக்குத் தெரியும். உடம்பை இறுக்கினால் வலி கூடும். மூச்சை நிதானமாக விட்டால் ஓரளவு அசௌகரியத்தோடு சில நிமிடங்களில் முடிந்துவிடும். என்ன செய்யப்போகிறார்கள் என்று முதலில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம். வலித்தால் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். வேண்டாம் என்று மறுக்கவும் உரிமை உண்டு. ஆண் மருத்துவர் பரிசோதித்தால் கூடவே ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதை, தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது.

பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கோரிக்கைக்குத் தமிழ் மண்ணில் 150 ஆண்டு வரலாறு உண்டு. ஆண் மருத்துவரிடம் போக மறுத்துப் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1875-ல் மேரி ஷார்லிப் உள்பட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1885-ல் பெண்களுக்கென்றே சென்னையில் ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இயங்குவது அதுதான். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் அதே கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். நம் பெண்களின் கூச்சத்தை மதித்துத் தொடங்கியதுதான் இந்த வரலாறு.

பதினைந்து வயதுப் பெண்ணும் 'பிசிஓடி' என்ற முத்திரையும்

15 வயதாகியும் பூப்படையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூப்படைந்த முதல் ஆண்டில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் பேச்சுவார்த்தை சீராக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். முதல் ஆண்டுக்குப் பிறகு, இடைவெளி 21 நாளுக்குக் குறைந்தாலோ 45 நாளைத் தாண்டினாலோ, ஒரே ஒரு முறை 90 நாளைத் தாண்டினாலும் கூட, பார்க்க வேண்டும்.

இந்த வயதில் ஒரு ஸ்கேன் எடுத்து "பிசிஓடி இருக்கு", அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி, என்று சொல்லக் கேட்டு, இனி பிள்ளையே பிறக்காதோ என்று அழும் தாய்மார்கள் நிறைய. வளரும் பருவத்தில் சினைப்பையில் பல சிறு முட்டைப்பைகள் தெரிவது சாதாரணம். அதனால்தான், பூப்படைந்து எட்டு ஆண்டுகள் முடியும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. ஒழுங்கற்ற மாதவிலக்கும், முகத்தில் முடி, கடும் முகப்பரு போன்ற ஆண் ஹார்மோன் மிகுதியின் அறிகுறிகளும் சேர்ந்து இருந்தால்தான் அந்தத் திசையில் யோசிக்க வேண்டும். இருந்தாலும் அது மலட்டுத்தன்மைக்கான தீர்ப்பல்ல. உணவு, உடற்பயிற்சி, மருந்து மூலம் கட்டுக்குள் வைக்கக்கூடியது; பிள்ளை பெறுகிறவர்களே அதிகம்.

முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு நிமிடப் பரிசோதனை

எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் 30 வயதைத் தாண்டிய பெண் மகளிர் மருத்துவரைப் பார்க்க ஒரு வலுவான காரணம் இருக்கிறது: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இந்தியாவில் ஆண்டுதோறும் 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது வருகிறது. சுமார் 80,000 பேர் இறக்கிறார்கள். ஏறத்தாழ எல்லா நேர்வுகளுக்கும் காரணம் எச்பிவி என்ற வைரஸ். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. தொற்று ஏற்பட்டதிலிருந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த நீண்ட அவகாசம்தான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

இந்த வாய்ப்பைப் பயன்படுத்த முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்த இடம் குண்டடத்துக்குத் தூரமில்லை. தாராபுரத்துக்குத் தெற்கே, பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில், ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய நல மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000-ல் ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுக் கிராமத்துப் பெண்கள் 31,343 பேரைப் பரிசோதித்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற நர்சுகள்.

பரிசோதனை இவ்வளவுதான். ஸ்பெகுலத்தை வைத்து, நல்ல வெளிச்சத்தில் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்து அங்கே தடவுவார்கள். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான்; அதே வாடைதான் அடிக்கும். ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். புற்றுக்கு முந்தைய நிலையில் உள்ள செல்களின் உட்கருவில் புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் திரண்டு, அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். இயல்பான செல்கள் இளஞ்சிவப்பாகவே இருக்கும். வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. மேலும் பார்க்க வேண்டும் என்று பொருள். அந்த ஆய்வில் பத்தில் ஒருவருக்கு அப்படித் தெரிந்தது. அவர்களை மேற்கொண்டு சோதித்து, புற்றுக்கு முந்தைய நிலை உறுதியானவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள்.

ஒரே ஒரு முறை செய்த இந்தப் பரிசோதனையின் பலன் 2007-ல் லான்செட் இதழில் வெளியானது. பரிசோதனை வழங்கப்பட்ட ஊர்களில் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இன்று இலவசம். ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கில், வாழ்நாளில் ஒரு முறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்ட தமிழ்நாட்டுப் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மாதவிலக்கு இல்லாத நாளில் போக வேண்டும். முந்தைய இரண்டு நாட்கள் உறவையும், உள்ளே வைக்கும் மருந்தையும் தவிர்க்க வேண்டும். தயாரிப்பு அவ்வளவே.

மகள்களுக்குத் தடுப்பூசி உண்டு. வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்பே, 9 முதல் 14 வயதில் போடுவது சிறந்தது. இந்தியாவிலேயே தயாரான செர்வாவேக் தடுப்பூசி 2023-ல் அறிமுகமானது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக எச்பிவி தடுப்பூசி போடப்படும் என்று தமிழ்நாட்டு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் ஊர் சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள்.

எங்கே போவது? எப்போது ஓடுவது?

குண்டடத்தில் இருப்பவர்கள் முதலில் போகக்கூடிய இடம் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையம். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றை அங்கேயே பார்த்துவிடலாம். மேற்கொண்டு தேவைப்பட்டால் தாராபுரம் அரசு மருத்துவமனை. அதற்கும் மேல், 2022-ல் தொடங்கிய திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகலாம். மருத்துவச் சான்றோடு ஓய்வெடுக்க நேர்ந்தால், தகுதி உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இந்த உரிமை தெரியாமல் வலியோடு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். உடல்நலச் சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணில் பேசலாம்.

சில அறிகுறிகள் இருந்தால் நாள் பார்க்கக் கூடாது. நோட்டுத் தாளும் வேண்டாம். நாள் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றின் ஒரு பக்கம் கடும் வலியும் மயக்கமும் வந்தால், கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம்; உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு மணிக்கு ஒரு நாப்கின் நனையும் போக்கு தொடர்ந்தாலும், காய்ச்சலோடு துர்நாற்றமான கசிவும் அடிவயிற்று வலியும் வந்தாலும் அன்றே போக வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு துளி ரத்தம் கண்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் கண்டாலும் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. டிராக்டருக்கு ஆயில் மாற்றும் தேதியை நினைவில் வைத்திருக்கும் வீட்டில், பெண்ணுக்குப் பரிசோதனை செய்ய வேண்டிய தேதியையும் நினைவில் வைக்க முடியும். அன்றைக்கு மாட்டுக்குத் தீவனம் போடுவதையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவர் போய்வந்துவிடுவார். மில் நடத்துகிறவர்கள், கம்பெனி நடத்துகிறவர்கள், ஆண்டுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு இதற்கென விடுப்புக் கொடுங்கள்.

சகோதரிகளே, வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் மாதவிலக்கு தொடங்கிய நாளை இந்த மாதத்திலிருந்து வட்டமிடுங்கள். வலி இருந்தால் வலி என்றும், போக்கு அதிகமென்றால் அதிகம் என்றும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் காத்திருந்து பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இப்போதே தொந்தரவு இருந்தால், தெரிந்த தேதியோடு இந்த வாரமே போய்ப் பாருங்கள். முப்பதைத் தாண்டியவர்கள் தொந்தரவு இல்லாவிட்டாலும் போய் வாருங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முன்கூட்டியே கண்டால் குணப்படுத்தக்கூடிய நோய்.